நிலப்படத்தைப் பகுத்து வண்ணமிடும் முறை

ஒரு கிராமத்தின் வளர்ச்சிக்குத் திட்டம் வகுக்கப் புகுவோர் முதற்கண் அக்கிராமத்தின் நிலத்தை நன்கு அறிந்திருத்தல் வேண்டும். நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, ஏரியும் ஓடையும் எவ்விடத்தில் உள்ளன, மேய்ச்சல் நிலம் எது, சுடுகாட்டுக்குச் செல்லும் வழி எந்த வயலை ஒட்டிப் போகிறது என்பன போன்ற செய்திகளை வாய்மொழியாகச் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஆயினும், சபையில் கூடியுள்ள நூறு பேரும் ஒரு செய்தியை ஒரே விதமாக உணர்ந்து முடிவு செய்ய வேண்டுமாயின், அதற்கு வண்ணமிட்ட நிலப்படமே சிறந்த துணையாகும்.

முற்காலத்தில் இத்தகைய படங்களை வரைவதற்குத் தேர்ந்த வரைவாளர் தேவைப்பட்டனர். இந்நாளில் கணிப்பொறியும், விலையின்றிக் கிடைக்கும் வரைபட மென்பொருள்களும் இருத்தலின், பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர் ஒருவர் சில நாட் பயிற்சியில் இவ்வேலையைக் கற்றுக்கொள்ள இயலும். வண்ணம் தீட்டுவது எளிது. ஓர் உருவத்தைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிழையின்றிப் பகுப்பதே கவனமாகக் கற்க வேண்டிய பகுதி. அம்முறையைத் தருமபுரி மாவட்டத்துக் கடத்தூர் வட்டாரத்து நில அமைப்பை மனத்திற்கொண்டு இங்கே விளக்குவோம்.

பழைய அனுபவம்

நிலத்தை வயல் வயலாக அளந்து தனித்தனியே கணக்கிடும் வழக்கம் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் வசம் வந்தன. அப்பகுதியை நிர்வகிக்க அலெக்ஸாந்தர் ரீடு என்பவர் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாக இருந்தவர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர் தருமபுரியில் வாழ்ந்து பணியாற்றினார். பிற்காலத்தில் சென்னை மாகாணத்தின் கவர்னராகவும் ஆனார். ஊர் முழுவதற்கும் ஒரே தீர்வை என்றிராமல், ஒவ்வொரு வயலையும் அளந்து, அதனை உழும் குடியானவரோடு நேரே தீர்வை பேசும் ரயத்துவாரி முறை இம்மண்ணிலேதான் உருப்பெற்றது.

இதன் பயனாக, இன்று நம் கிராமங்களில் ஒவ்வொரு புலத்திற்கும் ஒரு சர்வே எண் உண்டு. புலம் பாகம் பிரியும்போது அவ்வெண்ணும் பிரிந்து, 45/1, 45/2 என்றாற்போல உட்பிரிவு எண்கள் ஏற்படுகின்றன. ஒவ்வொரு புலத்தின் அளவுகளும் புலப்படமாக வரையப்பெற்றுள்ளன. இப்புலப்படங்களைக் கணிப்பொறியில் ஏற்றுவதற்குத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய கொலாப்லேண்ட் என்னும் மென்பொருள் தமிழ்நாட்டில் பயன்படுகின்றது. நில அளவர் குறித்த அளவுகளைக் கொடுத்தால் அது புலத்தின் வடிவத்தை வரைந்து தருகின்றது. ஆகவே, ஓர் உருவத்தைப் பகுத்துத் தனித்தனிப் பாகங்களாக்குதல் என்பது நம் குடியானவர்கள் இரு நூற்றாண்டுகளாக அறிந்த விஷயமே. கருவி மட்டுமே மாறியுள்ளது.

பெரிய அளவிலும் இதனைக் காணலாம். 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்றும் தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டில் தருமபுரியினின்றும் கிருஷ்ணகிரி பிரிந்தது. இவ்வாறு பிரிக்கையில் எந்த ஊரும் இரண்டு மாவட்டங்களிலும் சேர்ந்துவிடக் கூடாது. எந்த ஊரும் இரண்டிலும் சேராமல் விடுபடவும் கூடாது. ஒரு வயலைப் பகுப்பதற்கும் இதுவே விதியாகும்.

படம் இருவகைப்படும்

கணிப்பொறியில் காணும் படங்கள் இருவகைப்படும். கைப்பேசியால் எடுக்கும் நிழற்படம் ஒருவகை. அது எண்ணற்ற சிறு வண்ணப் புள்ளிகளின் தொகுதி. அதனைப் பெரிதாக்கினால் புள்ளிகள் பிரிந்து தோன்றிக் கோடுகள் மங்கிவிடும். அதில் ஒரு வயலைக் கண்ணால் காணலாமேயன்றி, 'இது ஒரு வயல்' என்பது கணிப்பொறிக்குத் தெரியாது.

மற்றொன்று வெக்டர் முறையில் அமைந்த படம். இதில் புள்ளிகளின் தொகுதிக்குப் பதிலாக, 'இம்மூலையிலிருந்து அம்மூலைக்கு ஒரு கோடு, அங்கிருந்து மற்றொரு மூலைக்கு ஒரு கோடு' என்ற கணக்கே பதிவாகின்றது. நில அளவர் எல்லைக் கற்களின் இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு அவற்றைக் கோட்டால் இணைப்பது போன்றதே இது. மூலைப் புள்ளியை நாம் 'கணு' என வழங்குவோம். கணுக்களை இணைக்கும் கோடு முதற்கணுவிலேயே வந்து முடிந்தால் ஒரு மூடிய உருவம் கிடைக்கின்றது. அவ்வுருவத்திற்கு எல்லைக்கோடு என்றும் நிரப்பு வண்ணம் என்றும் இரு தன்மைகள் உண்டு. எவ்வளவு பெரிதாக்கினும் இப்படம் மங்காது. அதன் பரப்பளவையும் கணக்கிட்டு அறியலாம். திட்டப் பணிக்கு ஏற்றது இவ்வகையே.

வரப்பு கற்பிக்கும் மூன்று விதிகள்

பாத்தி கட்டிப் பயிர் செய்வோருக்கு இம்முறையை விளங்கவைப்பது எளிது.

முதலாவது, வரப்பு முழுமையாக மூடியிருத்தல் வேண்டும். பாத்தியின் வரப்பு ஓரிடத்தில் உடைந்திருந்தால், பாய்ச்சிய நீர் அங்கே நில்லாது அடுத்த பாத்திக்கு ஓடிவிடும். அவ்வாறே எல்லைக்கோடு மூடப்படாத உருவத்தில் வண்ணம் ஒழுங்காக நில்லாது. பரப்புக் கணக்கும் பொய்த்துப்போகும்.

இரண்டாவது, அடுத்தடுத்த இரு வயல்களுக்கு இடையிலுள்ள எல்லை ஒன்றே. வலப்புற வயலுக்கு ஒரு கோடும் இடப்புற வயலுக்கு மற்றொரு கோடும் தனித்தனியே கையால் வரைந்தால் அவை இரண்டும் ஒருபோதும் சரியாகப் பொருந்தா. சிலவிடத்து இடைவெளி விழும்; சிலவிடத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முதலில் முழுப் புலத்தையும் வரைந்துகொண்டு பின்னர் அதனை வெட்டிப் பகுத்தால், வெட்டிய கோடே இரு பாகங்களுக்கும் பொது எல்லையாக அமையும். ஆதலின், சிறு பகுதிகளை வரைந்து ஒட்டுவதைக் காட்டிலும், பெரியதை வரைந்து பகுப்பதே நன்று.

மூன்றாவது, பகுத்த பாகங்களின் கூடுதல் முழுமைக்குச் சமமாதல் வேண்டும். அண்ணன் தம்பியர் பாகம் பிரித்துக்கொள்ளுகையில் பாகங்களைக் கூட்டிப் பார்ப்பது போலவே இங்கும் கூட்டிப் பார்த்தல் அவசியம்.

மேலே வைத்தல் வேறு, பகுத்தல் வேறு

புதிதாகக் கற்போர் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுண்டு. ஒரு வயலின் நடுவே வாய்க்கால் ஓடுவதாகக் கொள்வோம். வயலைப் பச்சை வண்ணத்தில் வரைந்து, அதன்மேல் நீல வண்ணத்தில் ஒரு பட்டையை வைத்துவிட்டால், பார்வைக்கு வாய்க்கால் தனியே தெரியும். ஆனால் நீலப் பட்டையின் கீழே பச்சை நிலம் அப்படியே இருக்கின்றது. கணக்கில் வாய்க்காலின் பரப்பு இருமுறை சேர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, 150 மீட்டர் நீளமும் 80 மீட்டர் அகலமும் உள்ள ஒரு புலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு 12,000 சதுர மீட்டர், அதாவது 1.20 ஹெக்டேர். மேற்கு எல்லையிலிருந்து 60 மீட்டர் தூரத்தில், 3 மீட்டர் அகலமுள்ள வாய்க்கால் ஒன்று வடக்குத் தெற்காகப் புலத்தைக் கடந்து செல்கின்றது. பட்டையை மேலே வைத்தால் கணிப்பொறி காட்டும் பரப்பு, வயல் 12,000, வாய்க்கால் 240, ஆக மொத்தம் 12,240 சதுர மீட்டர். இல்லாத நிலம் 240 சதுர மீட்டர் கணக்கில் புகுந்துவிட்டது.

முறைப்படி பகுத்தாலோ, மூன்று பாகங்கள் கிடைக்கும்.

மேற்குப் பாகம்: 60 × 80 = 4,800 சதுர மீட்டர்.
வாய்க்கால்: 3 × 80 = 240 சதுர மீட்டர்.
கிழக்குப் பாகம்: 87 × 80 = 6,960 சதுர மீட்டர்.
கூடுதல்: 12,000 சதுர மீட்டர்.

ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.47 சதுர மீட்டராதலின், வாய்க்கால் மட்டும் ஏறக்குறைய 6 சென்ட் ஆகும். சொட்டு நீர்ப் பாசனத்திற்கோ, விதைக்கோ, இழப்பீட்டுக்கோ பரப்பைக் கணக்கிடும்போது இந்த 6 சென்ட் யார் தலையில் ஏறுகிறது என்பது சிறு விஷயமன்று. நூறு புலங்களில் இவ்வாறு நேர்ந்தால் ஊரின் கணக்கே தடுமாறும்.

இங்க்ஸ்கேப் மென்பொருளில் செய்முறை

விலையின்றிக் கிடைக்கும் வெக்டர் மென்பொருள்களில் இங்க்ஸ்கேப் என்பது பலரும் அறிந்தது. அது 2003ஆம் ஆண்டு முதல் வழக்கிலுள்ளது. மேற்சொன்ன புலத்தை அதில் வரையும் வகை பின்வருமாறு.

முதலில் புலப்படத்தின் நகலை ஸ்கேனர் கொண்டு படமெடுத்துக் கணிப்பொறியில் ஏற்றுக. கைப்பேசியால் சாய்வாக எடுத்த படத்தில் கோடுகள் கோணலாகுமாதலின் அதனைத் தவிர்த்தல் நன்று. அப்படத்தை அடித்தட்டு அடுக்கில் வைத்து, அது அசையாதபடி பூட்டிவிடுக. பின்னர் அளவைச் சரிபார்க்க வேண்டும். 1:2000 என்ற அளவையில் 150 மீட்டர் நீளமுள்ள எல்லை 75 மில்லிமீட்டராகவும், 80 மீட்டர் எல்லை 40 மில்லிமீட்டராகவும் இருத்தல் வேண்டும். இல்லையேல் படத்தைச் சுருக்கியோ விரித்தோ சரிசெய்துகொள்க.

இரண்டாவதாக, மேலே ஒரு புதிய அடுக்கைத் திறந்து, பேனாக் கருவியால் எல்லைக் கற்கள் உள்ள மூலைகளில் ஒவ்வொன்றாக அழுத்திச் செல்க. கடைசியில் முதற்கணுவின் மீதே அழுத்தினால் உருவம் மூடிக்கொள்ளும். கணுக்கள் தாமே ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளுமாறு 'ஸ்னாப்' என்னும் வசதியை முன்னரே இயக்கி வைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, வாய்க்காலை ஒரு நீண்ட மூடிய உருவமாக வரைக. அதன் இரு முனைகளும் புலத்தின் எல்லைக்கு வெளியே சிறிது நீண்டிருத்தல் அவசியம். எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டால் புலம் இரண்டாகப் பிரியாது.

நான்காவதாக, புலம், வாய்க்கால் ஆகிய இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, 'பாத்' என்னும் பட்டியலில் 'டிவிஷன்' என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். மேலேயுள்ள உருவம் கத்திபோல நின்று கீழேயுள்ள உருவத்தை வெட்டும். மேற்குப் பாகம், வாய்க்கால், கிழக்குப் பாகம் என மூன்று தனி உருவங்கள் கிடைக்கும். கத்தியாக நின்ற உருவம் இதனால் மறைந்துவிடுமாதலின், அதன் நகல் ஒன்றை முன்னரே எடுத்து வைத்துக்கொள்வது நலம்.

ஐந்தாவதாக, ஒவ்வொரு பாகத்தையும் தனியே தேர்ந்து அதற்குரிய வண்ணத்தைக் கொடுக்க.

'டிஃபரென்ஸ்' என்ற கட்டளையும் இதனையொத்ததே. ஆனால் அது மேலுள்ள உருவத்தின் அளவுக்குக் கீழுள்ளதைக் கழித்துவிடும். ஏரியின் நடுவேயுள்ள திட்டை நீர்ப்பரப்பினின்றும் கழிப்பதற்கு அது ஏற்றது. அப்போது திட்டைத் தனி உருவமாக வரைந்து வைக்க மறந்துவிட்டால், அவ்விடம் வெற்றிடமாக நின்றுவிடும்.

2023ஆம் ஆண்டு வெளிவந்த 1.3 என்னும் பதிப்பில் 'ஷேப் பில்டர்' என்ற கருவி சேர்க்கப்பட்டுள்ளது. ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் உருவங்களைத் தேர்ந்துகொண்டு, வேண்டிய அறைகளின்மீது சுட்டியை இழுத்துச் சென்றால் அவை ஒன்றுசேரும். பல கோடுகள் குறுக்கிடும் நத்தம் போன்ற பகுதிகளில் இக்கருவி வேலையை எளிதாக்குகின்றது.

வாளியின் உருவம் பொறித்த கருவி ஒன்றும் அதில் உண்டு. ஓரிடத்தில் அழுத்தினால் சுற்றியுள்ள கோடுகள் வரை வண்ணத்தை நிரப்பும். கோலத்தில் வண்ணப்பொடி தூவுவது போல இது வெகு எளிதாகத் தோன்றும். ஆயினும் இக்கருவி திரையில் தெரியும் தோற்றத்தைக் கொண்டு எல்லையை மதிப்பிடுகின்றதேயன்றி, நாம் வரைந்த கணுக்களைக் கொண்டு அன்று. ஆகையால் எல்லையோரத்தில் சிறு இடைவெளிகள் எஞ்சும். அழகுப் படத்திற்கு இது போதும். அளவுப் படத்திற்கு ஆகாது.

முழுக் கிராமத்திற்கு ஏற்ற மென்பொருள்

ஓர் அறிவிப்புப் பலகைக்கோ, சில வயல்களுக்கோ மேற்சொன்ன மென்பொருள் போதுமானது. நூற்றுக்கணக்கான சர்வே எண்களைக் கொண்ட முழுக் கிராமத்தையும் வரையப் புகுவோர், க்யூஜிஐஎஸ் என்னும் நிலத்தகவல் மென்பொருளைப் பயில்வது நன்று. இதுவும் விலையின்றிக் கிடைப்பதே. இதில் ஒவ்வோர் உருவத்தோடும் ஒரு பதிவேட்டு வரி இணைந்திருக்கும். சர்வே எண், பயிர், பாசன வகை, பரப்பு ஆகியவற்றை அவ்வரியில் எழுதலாம். படமும் அடங்கலும் ஒன்றாய்க் கட்டப்பட்ட புத்தகம் எனலாம்.

புலத்தைப் பகுக்க, அதனைத் தேர்ந்துகொண்டு, 'ஸ்பிளிட்' கருவியால் எல்லைக்கு வெளியே தொடங்கி எல்லைக்கு வெளியே முடியுமாறு ஒரு கோடு இழுக்க வேண்டும். உருவம் இரண்டாகும், பதிவேட்டிலும் இரண்டு வரிகள் தோன்றும். பின்னர், 'பயிர் என்னும் கட்டத்தில் மஞ்சள் என்றிருப்பவற்றிற்கெல்லாம் இவ்வண்ணம், மரவள்ளி என்றிருப்பவற்றிற்கெல்லாம் அவ்வண்ணம்' என ஒருமுறை கட்டளையிட்டால் போதும். ஊர் முழுவதும் வண்ணம் ஏறிவிடும். அடுத்த பருவத்தில் பயிர் மாறினால் பதிவேட்டை மட்டும் திருத்தினால் வண்ணமும் தானே மாறும். இடைவெளியும் மேற்படிதலும் உள்ள இடங்களைத் தேடிக் காட்டும் வசதியும் இம்மென்பொருளில் உண்டு.

கோட்டின் கனம்

எல்லைக்கோட்டின் கனத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. 1:2000 அளவையில் 3 மீட்டர் வாய்க்கால் 1.5 மில்லிமீட்டர் அகலமே பெறும். அதே படத்தில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள கோட்டைப் பயன்படுத்தினால், அக்கோடு நிலத்தில் 2 மீட்டரை மறைக்கும். வாய்க்காலின் இரு கரைகளிலும் அத்தகைய கோடு இட்டால் வாய்க்காலின் பெரும்பகுதி மறைந்து, நீல வண்ணம் மெல்லிய கீற்றாகவே தெரியும். 1:5000 அளவைக்குச் சுருக்கினால் 3 மீட்டர் என்பது 0.6 மில்லிமீட்டராகிவிடும். ஆகவே எல்லைக்கோடு 0.2 மில்லிமீட்டருக்கு மேற்படாதிருத்தல் நன்று.

தடித்த கோடு மற்றொரு தீங்கும் செய்யும். இரு வயல்களுக்கிடையே அரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்திருந்தாலும் தடித்த கோடு அதனை மூடி மறைத்துவிடும். 1:2000 அளவையில் அந்த அரை மில்லிமீட்டர் நிலத்தில் 1 மீட்டர். 80 மீட்டர் நீளத்திற்கு அது 80 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 2 சென்ட். வேலை நடக்கும் வரையில் கோட்டை முற்றிலும் நீக்கிவிட்டு, வண்ணங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இத்தகைய பிழைகள் வெளிப்பட்டுவிடும்.

வண்ணம் தேர்தல்

வண்ணமிடுவதில் இருவகை நோக்கங்கள் உண்டு. ஒன்று, அடுத்தடுத்த பகுதிகளைப் பிரித்துக் காட்டுதல். மற்றொன்று, ஒவ்வொரு பகுதியின் தன்மையைக் காட்டுதல்.

முதல் நோக்கத்திற்கு எத்தனை வண்ணங்கள் வேண்டும் என்ற கேள்வி கணித உலகை நெடுங்காலம் ஈர்த்தது. 1852ஆம் ஆண்டில் பிரான்சிஸ் கத்ரி என்பவர் இங்கிலாந்தின் மாவட்டப் படத்திற்கு வண்ணமிடுகையில், நான்கு வண்ணங்களே போதுமானவையாய் இருக்கக் கண்டார். எந்தப் படத்திற்கும் நான்கு போதும் என்பதை நிறுவ 124 ஆண்டுகள் சென்றன. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அப்பெல், ஹாக்கன் என்னும் இருவர் கணிப்பொறியின் துணைகொண்டு அதனை நிறுவினர். எத்துணைப் புலங்கள் இருப்பினும், பொது எல்லையுடைய இரண்டு ஒரே வண்ணம் பெறாதவாறு நான்கு வண்ணங்களால் நிரப்பிவிடலாம். ஆனால் ஒவ்வொரு பகுதியும் ஒரே துண்டாக இருத்தல் வேண்டும்; ஒரு மூலையில் மட்டும் தொடுவது எல்லையாகக் கருதப்படாது. வார்டு எல்லைகளைக் காட்டும் படத்திற்கு இச்செய்தி பயன்படும்.

இரண்டாம் நோக்கத்திற்கு வண்ணம் பொருளோடு பொருந்தியிருத்தல் வேண்டும். பிரிட்டனில் 1930ஆம் ஆண்டுகளில் டட்லி ஸ்டாம்ப் என்ற நிலவியல் அறிஞரின் தலைமையில் நாடு முழுவதும் நிலப்பயன் அளவை நடந்தது. பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் வயல் வயலாகச் சென்று, உழுநிலம், புல்வெளி, காடு எனக் குறித்து வந்தனர். அவற்றிற்குத் தனித்தனி வண்ணமிட்டுப் படங்கள் அச்சாயின. சில ஆண்டுகளுக்குப்பின் உலகப் போர் மூண்டு உணவு உற்பத்தியைப் பெருக்க நேர்ந்தபோது அப்படங்கள் பெரிதும் பயன்பட்டன. நம் கிராமங்களிலும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு இப்பணியைச் செய்விக்கலாம்.

கடத்தூர் வட்டாரத்தில் வெற்றிலைக் கொடிக்கால், மரவள்ளி, மஞ்சள், தென்னை முதலியவற்றைக் காண்கிறோம். கொடிக்காலுக்கு அடர்பச்சை, மரவள்ளிக்குப் பழுப்பு, மஞ்சளுக்கு அப்பெயருக்குரிய வண்ணம், நீர்நிலைகளுக்கு நீலம், நத்தத்திற்கு வெளிர்சிவப்பு என்று அமைத்தால் யாவர்க்கும் எளிதில் விளங்கும். ஆறு ஏழு வண்ணங்களுக்கு மேற்பட்டால் கண் குழம்பும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாதவர் சிலர் உண்டு. அன்றியும், படத்தைக் கறுப்பு வெள்ளையில் நகலெடுத்தால் வண்ணங்கள் யாவும் சாம்பல் நிறமாகும். எனவே வண்ணத்தோடு சாய்கோடு, புள்ளி போன்ற குறிகளையும் சேர்த்து, ஒவ்வொரு பாகத்திலும் அதன் பெயரை எழுதுதல் நன்று.

வண்ணம் பெறாத இடங்கள்

திட்டம் வகுப்போர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. படத்தில் தனி உருவமாகப் பகுக்கப்படாத இடத்திற்குத் தனி வண்ணம் கொடுக்க முடியாது. தனி வண்ணம் பெறாத இடத்தைப் பற்றிச் சபையில் பேச்சும் எழுவதில்லை. பட்டா நிலங்களை ஒவ்வொன்றாக வரைவோர், அவற்றிற்கு இடையே கிடக்கும் ஓடைப் புறம்போக்கு, வண்டிப்பாதை, களம், மேய்ச்சல் தரை, சுடுகாட்டு வழி ஆகியவற்றை 'மீதி' என்று விட்டுவிடுகின்றனர். நிலமற்றோரும், ஆடு மாடு வைத்துப் பிழைப்போரும், கடைமடைக் குடியானவரும் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்த மீதி நிலங்களையே. இரண்டு மூன்று படங்களில் ஓர் ஓடை விடுபட்டுவிட்டால், நாளடைவில் அங்கே ஓடை இருந்ததா என்ற ஐயமே எழுந்துவிடும். மழைக்காலத்தில் ஏரிக்கு நீர் வராதபோதுதான் அதன் அருமை தெரியும். ஆகையால் பொது நிலங்களை முதலில் பகுத்து வண்ணமிட்டு, அதன் பின்னரே தனியார் நிலங்களுக்குச் செல்வது நல்ல வழக்கமாகும்.

ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புக்களை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நடைமுறையில் உள்ளது. ஏரியின் கரை, நீர்ப்பரப்பு, வரத்துக் கால்வாய், கலிங்கு, மதகு ஆகியவற்றைத் தனித்தனியே காட்டும் படம் ஒன்று பஞ்சாயத்து அலுவலகத்தில் இருப்பின், எல்லையைப் பற்றி வழக்கு எழும் முன்னரே விஷயம் தெளிவாகும்.

வண்ணம் உரிமை ஆகாது

இவ்வாறு வரையும் படம் ஆலோசனைக்கும் திட்டத்திற்கும் உரியதேயன்றி, உரிமைப் பத்திரமாகாது. கணிப்பொறியில் ஒரு புலத்தை இரண்டாக வெட்டிவிட்டதனால் சட்டப்படி உட்பிரிவு ஏற்பட்டுவிடாது. அதற்கு வருவாய்த் துறையிடம் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாற்றத்திற்கு விண்ணப்பித்து, நில அளவர் நேரில் அளந்து, உரிய அதிகாரி ஆணை பிறப்பித்தல் வேண்டும். பஞ்சாயத்தின் வண்ணப் படத்திற்கும் அரசின் புலப்படத்திற்கும் வேறுபாடு காணப்பட்டால் புலப்படத்தையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். 'இது திட்டப் பணிக்கு மட்டும்' என்ற குறிப்பையும், வரைந்த நாளையும், அளவையையும், வடதிசையையும் ஒவ்வொரு படத்திலும் எழுதி வைத்தல் பின்னர் வரும் சச்சரவுகளைத் தடுக்கும்.

கிராம சபையில் வைத்தல்

அரசியலமைப்பின் 73ஆவது திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் நடைமுறைக்கு வந்ததன் பயனாகக் கிராம சபை அரசியலமைப்பில் இடம்பெற்றது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ்க் கிராம சபைகள் கூடி வருகின்றன. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியனவும் இப்போது சேர்ந்துள்ளன. மார்ச் 22ஆம் நாள் நீர்நிலைப் படத்தை மக்கள்முன் வைப்பதற்கு மிகப் பொருத்தமான நாளாகும்.

படத்தைச் சபையில் வைக்குமுன், தரையில் கோலப்பொடியால் ஊரின் வடிவத்தை வரைந்து, பெண்களையும் முதியோரையும் கொண்டு ஏரி, கிணறு, பாதை ஆகியவற்றை நிரப்பச் செய்வது பலவிடங்களில் நற்பயன் அளித்த முறையாகும். எந்தக் கிணற்றில் எம்மாதம் நீர் வற்றும், எவ்வழி மழையில் மூழ்கும் என்பதை நன்கறிந்தவர்கள் அவர்களே. தரைப் படத்தையும் கணிப்பொறிப் படத்தையும் ஒப்பிட்டு, வேறுபடும் இடங்களுக்கு நேரில் சென்று பார்த்துத் திருத்துதல் வேண்டும். அவ்வாறு திருத்திய படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, யாவரும் காணுமாறு அலுவலகச் சுவரில் மாட்டிவைக்கலாம்.

ஒரு படத்தைச் செம்மையாக வரைவதற்குச் சில நாட்களே செலவாகும். அதன்மீது வகுக்கப்படும் சாலையும் தடுப்பணையும் பல ஆண்டுகள் நிற்பவை. வரப்பைச் செவ்வையாகக் கட்டிய பின்னரே நீர் பாய்ச்சும் நம் குடியானவர்கள், எல்லையைச் செவ்வையாகப் பகுத்த பின்னரே பணத்தைப் பாய்ச்ச வேண்டும் என்பதை எளிதில் ஒப்புக்கொள்வர். ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் ஊர் இளைஞர் இருவரையேனும் இப்பணியில் பயிற்றுவித்துக்கொள்ளுமாக.

ஆராய்தற்குரிய வினாக்கள்

1. உங்கள் ஊர்ப் படத்தில் தனி உருவமாகக் காட்டப்படாத பொது நிலங்கள் யாவை?

2. ஒரு புலத்தைப் பகுத்த பின்னர்ப் பாகங்களின் கூடுதல் முழுப் பரப்பைவிட மிகுந்திருந்தால் என்ன பிழை நேர்ந்திருக்கக்கூடும்? குறைந்திருந்தால் என்ன பிழை?

3. 1:5000 அளவையில் 2 மீட்டர் அகலமுள்ள வண்டிப்பாதை எத்தனை மில்லிமீட்டர் அகலம் பெறும்? அதனைக் காட்ட எவ்வளவு கனமுள்ள கோடு பொருந்தும்?

4. அடுத்த மார்ச் 22ஆம் நாள் கிராம சபையில் வைப்பதற்கு நீர்நிலைப் படம் ஒன்றைத் தயாரிக்க, உங்கள் ஊரில் யார் யாரை எப்பணிக்கு அமர்த்துவீர்கள்?